கலைச்சொல் தேவை: பியானோ மென்பொருளில் மைக் வைப்பது

அட்டன், இசை ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மேலைத்தேய சங்கீதம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினி அறையில் ஒரு செயலமர்வு. மலை ஈரத்தில் உண்மையான பியானோவுக்குச் சுருதி நிற்பதில்லை, அதனால் பியானோடெக் மென்பொருளில் பழக்குகிறோம். கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும்.

இரண்டு இடத்தில் சொல் முட்டுகிறது. ஒன்று, திரையில் தெரிகிற பியானோவைச் சுற்றி மைக் வைக்கிற பக்கம். ஐந்து மைக் வரை எடுத்து முன்பின்னாகவும் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகர்த்தலாம். மற்றது, ஒவ்வொரு மைக்கிலிருந்தும் இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவு என்று அளவு கொடுக்கிற பக்கம். ‘ஒலிவாங்கி அமைவிடம்’, ‘ஒலிச் சமநிலை’ என்று போட்டிருக்கிறேன். எனக்கே திருப்தியில்லை.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், ‘அமைவிடம்’ புவியியல் பாடத்துக்குரியது. ‘வைப்பு’ என்று கையடக்கமான சொல் இருக்கும்போது அது எதற்கு? ‘வரனென்னும் வைப்பிற்கோர் வித்தது’ என்ற குறளில் வைப்பு என்றால் நிலம். ‘பெற்றான் பொருள்வைப் புழி’ என்னும்போது வைக்கிற செயல். செயலுக்கும் இடத்துக்கும் வள்ளுவரிடமே ஆட்சி உண்டு. தேவாரத்தில் தனிப் பதிகம் கிடைக்காமல் பெயர் மட்டும் வந்த ஊர்களை வைப்புத் தலம் என்கிறோமே! வைகல், வைகுதல், வையம் எல்லாம் ‘வை’ அடியில் கிளைத்தவை என்றே நினைக்கிறேன். வையை ஆற்றின் பெயரும் அப்படித்தான் என்பது என் துணிபு, மணலை வைத்துவிட்டுப் போகிற ஆறு. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

நுவரெலியா, வங்கி ஊழியர்:

சேர், மன்னிக்க வேண்டும். இன்றைக்கு வைப்பு என்றால் வங்கிதான். நிலையான வைப்பு, வைப்புச் சீட்டு என்று தினமும் எழுதுகிறேன். தலைப்பை மட்டும் பார்க்கிற பிள்ளை மைக்கை எங்கோ ஒப்படைத்ததாகத்தான் நினைக்கும். அதோடு ‘ஒலிவாங்கி’ வானொலிக்காரர் சொல். கோயில் திருவிழாவிலும் தோட்டத்துக் கூட்டத்திலும் சனம் சொல்வது மைக். அதையே போடலாமே.

பதுளை:

வள்ளுவர் சொன்ன ‘பொருள்வைப்பு’ம் உங்கள் வங்கி வைப்புத்தான் தம்பி. ஒரு பொருள் வந்தால் மற்றது சாக வேண்டும் என்று விதியில்லை. ‘மைக்’ வேண்டுமானால் ‘மைக்கு’ என்று எழுதுங்கள். வல்லின மெய் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாகாது. ‘வடவெழுத் தொரீஇ’, அதாவது வடவெழுத்தை விலக்கி, என்று தொல்காப்பியர் வடசொல்லுக்குச் சொன்ன ஒழுங்கு இதற்கும் பொருந்தும். வருகிற சொல் நம் ஓசைக்குள் வரட்டும்.

கண்டி, ஒலிப்பதிவு செய்பவர்:

நான் வேலையிலிருந்து சொல்கிறேன். ‘அமைவிடம்’ போதாது, ஏனென்றால் இடம் மட்டும் அல்ல விஷயம். தந்தியை அடிக்கிற சுத்தியல்களுக்குக் கிட்ட வைத்தால் தட்டுச் சத்தம் தூக்கலாக வரும். தள்ளி வைத்தால் அறை பேசத் தொடங்கும். இரண்டு மைக்குக்கும் இடையில் தூரம் மாறினால் ஒலி வந்து சேரும் காலமும் மாறும். ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர் போகிறது. ஒரு மைக் அவ்வளவு பின்னால் இருந்து, இரண்டையும் ஒரே அளவில் மோனோவாக, அதாவது ஒரே ஒலித்தடமாகக் கூட்டினால், 500 ஹேர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துவிடும். நடு ஸிக்கு மேலே உள்ள பி சுரம் 494 ஹேர்ட்ஸ். அந்தச் சுரமும் அதற்கு அயலில் உள்ளவையும் மெலிந்து கேட்கும். பிள்ளைகள் ஒரே ஸ்பீக்கர் உள்ள போனில் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டை சரியாக அடிபடவில்லை என்று நினைப்பார்கள். அதனால் வைக்கிற செயலையே சொல்கிற சொல் வேண்டும். ‘வைப்பு’ எனக்குச் சரி.

எனக்கு ஒவ்வாதது ‘சமநிலை’தான். விஞ்ஞானப் புத்தகத்தில் அது விசைகள் சமமாகி அசையாமல் நிற்பது. இங்கே சமமாக்குவது நோக்கமே இல்லை. கிட்ட இருக்கிற மைக் கூடுதலாக, தூரத்து மைக் சும்மா ஒரு நிழலாக, அப்படித்தான் நல்ல பியானோ வரும். எந்த மைக் எவ்வளவு சேர்கிறது என்பதற்கு ‘ஒலிப்பங்கு’ என்று சொல்லிப் பாருங்கள்.

பதுளை:

‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’. துலாக்கோல் முதலில் தான் சமனாக நிற்கிறது, பிறகுதான் பாரத்தை அளக்கிறது. நீங்கள் பிரிக்கிற இரண்டும் அந்த ஒரே அடியில் இருக்கின்றன. இடமும் வலமும் நேராக நிற்பது சமன். ஐந்து மைக்குக்கும் அளவு பார்ப்பது சீர்தூக்கல். சீர் யாப்பிலும் உண்டு, தூக்கு பழைய இசை நூலிலும் உண்டு. இசைக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

பண்டாரவளை, பல்கலைக்கழக மாணவி:

ஐயா, பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தூக்கு என்றால் தூக்குத் தண்டனைதான் முதலில் வரும். ‘லயம்’ சேர்த்து ‘ஒலிலயம்’ என்றால் என்ன? கேட்க இனிமையாக இருக்கிறதே.

அட்டன்:

தங்கச்சி, என் வகுப்பில் பாதிப் பேர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். தாளம் படிப்பிக்கும்போதே ‘லயம்’ என்றதும், எந்த லயம் டீச்சர், மேல் லயமா பணிய லயமா என்று கேட்கிறார்கள். லைன் என்ற ஆங்கிலச் சொல் நம் சனத்தின் வாயில் லயமானது. இசை லயம் வடசொல். இரண்டையும் பிரித்துச் சொல்லவே எனக்கு ஒரு பாடவேளை போகிறது. மூன்றாவது வேண்டாம்.

நுவரெலியா:

‘ஒலிவாங்கி’க்காக இங்கே யாரும் வாதாடவில்லை என்று தெரிகிறது. ‘வைப்பு’ வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ‘மைக் வைக்கும் முறை’ என்று மூன்று சொல்லில் எழுதினால் யாருக்கும் விளங்கும். எல்லாம் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

அட்டன்:

இரவு பத்தரை ஆகிவிட்டது, கோப்பை மூடுகிறேன். தலைப்பில் ‘மைக்கு வைப்பு’. அதன் கீழே முதல் வரியில் ‘மைக் வைக்கும் முறை’ என்று விளக்கம். அளவுப் பக்கத்துக்கு ‘ஒலிப்பங்கு’, இடவலத்துக்கு மட்டும் ‘சமன்’. சனிக்கிழமை பிள்ளைகள் வாயில் எது நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பதுளை:

உகரம் சேர்த்ததற்கு மகிழ்ச்சி மகள். ‘ஒலிப்பங்கு’க்கு என் மறுப்பு இங்கே பதிவாக இருக்கட்டும். பங்கு என்பது ஒன்றைப் பிரித்துக் கொடுப்பது. உங்கள் மென்பொருளில் ஐந்தும் வந்து சேர்கின்றன, எதுவும் பிரியவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது சீர்தூக்கலைத் திரும்பவும் கேட்பேன். வையை பற்றிய மடல் ஞாயிறு வரும்.