புதுப்பிப்பு: நாய்க்குத் திரும்பத் திரும்ப வந்த கொப்புளம், கல்ச்சர் டெஸ்டில் விடை கிடைத்தது

கோம்பை நாய், 4 வயது. வயிற்றில் சீழ்க் கொப்புளம். செஃபலெக்சின் (ஆன்டிபயாடிக் மாத்திரை) கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும், கடைசித் தடவை அடங்கவே இல்லை என்று இங்கே எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. "மருந்தை மாத்திக்கிட்டே போகாதீங்க, முதல்ல கல்ச்சர் எடுங்க" என்று இங்கே பதில் எழுதிய ஓர் அக்காவின் யோசனைதான் பலித்தது. கல்ச்சர் என்றால் புண்ணில் எடுத்ததை லேபில் வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் டெஸ்ட்.

முதல் தடவை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோதே காய்ந்த பொருக்கைத் துடைத்து எடுத்தார்கள். லேபில் எந்தக் கிருமியும் வளரவில்லை. பிறகு டாக்டரிடம் கேட்டு மாத்திரையை நிறுத்தி, உடையாத புதுக் கொப்புளத்துக்காகக் காத்திருந்தோம். தொடையிடுக்கில் அரிசி மணி அளவில், மஞ்சள் முனையோடு ஒன்று வந்தது. டாக்டர் ஊசி முனையால் குத்தி, சீழைப் பஞ்சுக்குச்சியில் எடுத்தார். கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதே வெள்ளணுக்களுக்குள் உருண்டைக் கிருமிகள் தெரிந்தன.

நான்காம் நாள் ரிப்போர்ட்: ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற கிருமி, ஆக்ஸசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு ரெசிஸ்டன்ட் (அந்த மருந்துக்கு அடங்காது). அப்படி வந்தால் செஃபலெக்சினும் வேலை செய்யாது. மாதக்கணக்கில் அதைத்தான் கொடுத்திருக்கிறோம், நினைத்தால் மனசு வலிக்கிறது.

எதிர்பாராதது: வேறு ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. புண் மேலோட்டமானது என்பதால் கிருமியைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பூ மட்டும், வாரம் 3 தடவை. நுரையை 10 நிமிடம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு இப்போது உண்ணி, அலர்ஜி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.