ஐந்திணைச் சீட்டுக்கட்டு: பாலையை எங்கே வைப்பது?

கேள்வி: எழும்பூர் நுண்கலைக் கல்லூரியில் உடன் படித்த நாங்கள் நால்வர், இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு, ஐந்திணைகளை வைத்துச் சீட்டுக்கட்டு ஒன்று வரைந்து வருகிறோம். திணையோ ஐந்து, பாலையை எங்கே வைப்பது?

பதில் 1: ஜோக்கரில் வையுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தே பாலையாகிறது என்பதால், எந்தச் சீட்டின் இடத்திலும் நிற்கக்கூடிய ஜோக்கரைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைக்காது.

பதில் 2: தசாவதாரக் கஞ்சிஃபா என்ற பழைய இந்தியச் சீட்டுக்கட்டில் அவதாரத்துக்கு 12 வீதம் 120 சீட்டுகள் உண்டு, எனவே ஐந்தாம் இனம் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் ரம்மி ஆடுபவர்கள் வாங்க மாட்டார்கள்.

பதில் 3: மூலையிலுள்ள எண்களை மட்டும் ஒருவரே எழுதட்டும். எங்கள் கட்டில் ஆளுக்கொரு விதமாக எழுதியதால், சீட்டுகளை விசிறியாக விரித்தபோது 6 எது, 9 எது என்றே தெரியவில்லை.

கேட்டவர்: நன்றி. ஜோக்கரில் கள்ளி நிழலில் நாக்கைத் தொங்கவிட்ட செந்நாய் ஒன்றை இன்றே வரையத் தொடங்கிவிட்டேன்.