ஓவிஎஸ் பிரிட்ஜ் போட்டேன், கன்டெய்னரிலிருந்து வெளியே பிங் போகவில்லை, அவசரம்

வைகைக்கரை | சனி, காலை 10.12

வணக்கம். கிளவுடில் ஒரு மெஷின் எடுத்து ஓப்பன் விஸ்விட்ச் (ஓவிஎஸ், மென்பொருளாலான நெட்வொர்க் ஸ்விட்ச்) நிறுவினேன். பிரிட்ஜ் (பல இணைப்புகளை ஒரே வலையாகச் சேர்ப்பது) போட்டு நெட்வொர்க் கார்டை அதில் சேர்த்தேன். இரண்டு கன்டெய்னர்கள் (மெஷினுக்குள் தனித்தனியாக ஓடும் சிறு சூழல்கள்) பிரிட்ஜில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று பிங் (இணைப்பைச் சோதிக்கும் பாக்கெட்) போகிறது, வெளியே எதற்கும் போகவில்லை. இதே அமைப்பு ஆபீஸ் சர்வரில் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு வரிகூட மாற்றவில்லை. திங்கள் காலை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகை_நெட் | 10.20

எந்தக் கிளவுட்? எந்த ஓஎஸ்? கார்டு ஒன்றா இரண்டா? கன்டெய்னருக்கு எந்த ஐபி கொடுத்தீர்கள், சப்நெட் (ஐபி முகவரி வரம்பு) என்ன? "வெளியே" என்றால் இணையமா, பக்கத்து மெஷினா?

கெடிலம் | 10.24

எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள். அமேசான் விபிசிக்குள் (கிளவுடில் உங்களுக்கென்று ஒதுக்கிய தனி வலை) 9001 பைட், உங்கள் பிரிட்ஜ் 1500இல் இருக்கும். நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் அதைத்தான் கண்டுபிடித்தேன். எல்லா இடத்திலும் ஒரே எண்ணாக வையுங்கள்.

தேன்சிட்டு | 10.31

செக்யூரிட்டி குரூப்பில் (எந்தப் பாக்கெட்டை விடலாம் என்ற விதிப் பட்டியல்) ஐசிஎம்பி, அதாவது பிங் பயன்படுத்தும் நெறிமுறை, திறந்திருக்கிறதா? புதிதாக உருவாக்கிய குரூப்பில் உள்ளே வருவதற்கு ஒரு விதியும் இருக்காது. பிங் போகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாடக்குளம் | 10.45

இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே "ஆபீஸில் ஓடுகிறது" என்ற வரியோடு. தம்பி, விபிசி என்பது உங்கள் ஆபீஸ் ரேக்கில் இருக்கும் ஸ்விட்ச் அல்ல. அங்கே லேயர் 2 (கார்டின் வன்பொருள் முகவரியான மேக்கைப் பார்த்து ஃபிரேம்களை அனுப்பும் அடுக்கு) என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு மணி நேரம் ஆவணத்தைப் படித்திருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது.

கெடிலம், சாதாரண பிங் பாக்கெட் 84 பைட். 56 தரவு, 8 ஐசிஎம்பி, 20 ஐபி தலைப்பு. அது எந்த எம்டியூவில் போய் முட்டும்? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எழுதாதீர்கள்.

கெடிலம் | 10.52

நான் உதவிதான் செய்தேன். அடுத்து விஎக்ஸ்லேன் (ஒரு வலைக்குள் இன்னொரு வலையைச் சுரங்கமாக ஓட்டுவது) போடும்போது எம்டியூ வந்து நிற்கும், அப்போது பேசுவோம்.

பொதிகை_நெட் | 11.05

மாடக்குளம் ஐயா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அவர் எந்தக் கிளவுட் என்றே இன்னும் சொல்லவில்லை. வைகைக்கரை, விவரம் போடுங்கள். ஊகித்துக்கொண்டே இருக்க முடியாது.

வைகைக்கரை | பிற்பகல் 1.40

மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். அமேசான், மும்பை ரீஜன். உபுண்டு 22.04, டி3.மீடியம். இரண்டு கார்டு. இஎன்எஸ்5 எஸ்எஸ்ஹெச்சுக்கு (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய), இஎன்எஸ்6 பிரிட்ஜுக்கு. இரண்டும் 10.20.1.0/24 சப்நெட்தான். கன்டெய்னர் எல்எக்ஸ்சி (லினக்ஸ் கன்டெய்னர் மென்பொருள்), ஐபி 10.20.1.50, 10.20.1.51. பக்கத்து மெஷின் 10.20.1.12. கன்டெய்னரிலிருந்து அதற்கும் போகவில்லை, சப்நெட்டின் கேட்வே 10.20.1.1க்கும் போகவில்லை. செக்யூரிட்டி குரூப்பில் அதே குரூப்புக்குள் எல்லாவற்றையும் திறந்திருக்கிறேன்.

இன்னொன்று. நேற்று ஒரே கார்டில் முயன்றேன். அதைப் பிரிட்ஜில் சேர்த்த நொடியே எஸ்எஸ்ஹெச் அறுந்தது. ரீபூட் செய்தும் வரவில்லை. அதனால்தான் புது மெஷின், இரண்டு கார்டு.

கயல் | 2.05

வைகைக்கரை, இஎன்எஸ்6இல் டிசிபிடம்ப் (போகும் வரும் பாக்கெட்டைக் காட்டும் கருவி) போட்டுவிட்டு கன்டெய்னரிலிருந்து 10.20.1.12க்கு பிங் விடுங்கள். என்ன தெரிகிறது என்று அப்படியே எழுதுங்கள்.

வைகைக்கரை | 2.14

"10.20.1.12 யாரிடம் இருக்கிறது, 10.20.1.50க்குச் சொல்லுங்கள்" என்று ஏஆர்பி கேள்வி (ஒரு ஐபிக்கு உரிய மேக்கைக் கேட்பது) மட்டும் நொடிக்கு ஒன்றாக வெளியே போகிறது. பதில் ஒன்றும் இல்லை.

கயல் | 2.50

அப்படியானால் விஷயம் தெளிவு. செக்யூரிட்டி குரூப்பும் இல்லை, எம்டியூவும் இல்லை. அவை குறுக்கே வரும் கட்டம் வரைக்கும் பாக்கெட் போகவே இல்லை.

ஆபீஸில் உங்கள் பிரிட்ஜ் நிஜ ஸ்விட்சோடு இணைந்திருக்கிறது. புது மேக் முகவரியிலிருந்து ஒரு ஃபிரேம் வந்தால் அந்த ஸ்விட்ச் "ஓ, இவர் இந்தப் போர்ட்டில் இருக்கிறார்" என்று கற்றுக்கொள்ளும். தெரியாத முகவரி என்றால் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். விபிசியில் இந்தக் கற்றல் கிடையாது. எந்த ஐபி எந்தக் கார்டில், அந்தக் கார்டின் மேக் என்ன என்பதெல்லாம் முன்கூட்டியே ஒரு பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் ஏஆர்பி கேள்விக்குப் பக்கத்து மெஷின் பதில் சொல்வதில்லை, அடியில் இருக்கும் தளமே சொல்லிவிடும். கார்டுக்கு ஒதுக்கிய மேக் அல்லாத வேறு மேக்கில் இருந்து ஃபிரேம் கிளம்பினால் அங்கேயே கீழே போட்டுவிடும். உங்கள் கன்டெய்னருக்கு எல்எக்ஸ்சி சொந்தமாக ஒரு மேக் கொடுத்திருக்கிறது. அந்த மேக்கை அமேசானுக்குத் தெரியாது. 10.20.1.50 என்ற ஐபியையும் தெரியாது.

மூன்று வழி இருக்கிறது.

கன்டெய்னர் அந்தச் சப்நெட்டின் ஐபியோடுதான் இருக்க வேண்டும் என்றால், கார்டுக்கு இரண்டாம் நிலை ஐபி வாங்கி ஐபிவிலேனில் (ஒரு கார்டின் மேல் பல மெய்நிகர் கார்டுகளை உருவாக்கும் லினக்ஸ் வசதி, மேக்விலேனும் அதே வகை) கொடுக்கலாம். ஐபிவிலேன் தாய்க் கார்டின் மேக்கையே பயன்படுத்தும், மேக்விலேன் பயன்படுத்தாது. அதனால் மேக்விலேன் இங்கே ஓடாது. ஆனால் டி3.மீடியத்தில் ஒரு கார்டுக்கு மொத்தம் 6 ஐபி, அதில் ஒன்று கார்டுக்கே போய்விடும். கன்டெய்னர் கூடினால் மாட்டிக்கொள்வீர்கள். ஓவிஎஸ்ஸுக்கும் வேலை இருக்காது.

இரண்டாவது விஎக்ஸ்லேன். இரண்டு பக்கமும் ஓவிஎஸ் இருந்தால் யுடிபி 4789 வழியாகச் சுரங்கம் போட்டு உள்ளே எந்த மேக்கை வேண்டுமானாலும் ஓட்டலாம். வெளியே தெரிவது கார்டின் ஐபி மட்டும்தான். 50 பைட் தலைப்பு கூடும், அங்கேதான் கெடிலம் சொல்லும் எம்டியூ வரும். ஆனால் உங்கள் 10.20.1.12இல் ஓவிஎஸ் இல்லை போலத் தெரிகிறது.

மூன்றாவது ரூட்டிங். உங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இஎன்எஸ்6ஐப் பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டாவது கார்டே தேவையில்லை. பிரிட்ஜின் உள் போர்ட்டுக்கு விபிசி வரம்புக்கு வெளியே ஒரு வலை கொடுங்கள், 172.30.5.1/24 என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னர்களுக்கு அதில் ஐபி, கேட்வே 172.30.5.1. மெஷினில் ஐபி ஃபார்வர்டிங்கை (பிறருக்கான பாக்கெட்டைக் கடத்திவிடுவது) இயக்குங்கள். இஎன்எஸ்5இல் சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்கை நிறுத்துங்கள், இல்லையென்றால் தன் ஐபி அல்லாத பாக்கெட்டைக் கார்டு விடாது. பிறகு விபிசி ரூட் டேபிளில் 172.30.5.0/24 என்றால் இஎன்எஸ்5 என்று ஒரு வரி. கன்டெய்னருக்கு இணையமும் வேண்டும் என்றால் மெஷினில் மாஸ்கரேட் (வெளியே போகும்போது கன்டெய்னர் ஐபியை மெஷினின் ஐபியாக மாற்றுவது) போடுங்கள், இன்டர்நெட் கேட்வேக்கு 172.30.5.x யாரென்று தெரியாது.

மாடக்குளம் | 3.10

கயல் சொன்னது சரி. நான் 10.45க்குச் சொன்னதன் விரிவுதான் இது. சோர்ஸ்/டெஸ்டினேஷன் செக்கை மட்டும் நிறுத்திவிட்டு "இன்னும் ஓடவில்லை" என்று திரும்ப வராதீர்கள். அது ஐபியைத்தான் விடும், மேக்கை விடாது.

பாலாற்றங்கரை | 3.35

எனக்கு ஒரு வருத்தம். விற்கும்போது "உங்கள் டேட்டா சென்டரை அப்படியே தூக்கி வாருங்கள்" என்கிறார்கள். வந்தால் பிராட்காஸ்ட் இல்லை, மேக் கற்றல் இல்லை. கீப்அலைவ்டு வைத்து இரண்டு சர்வருக்கு நடுவே மிதக்கும் ஐபி ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒன்று விழுந்தால் மற்றது "இனி அந்த ஐபி என்னிடம்" என்று ஏஆர்பி அறிவிப்பு விடும், இரண்டு நொடியில் முடிந்தது. இங்கே அந்த அறிவிப்பைக் கேட்க யாரும் இல்லை. லேயர் 2 இல்லாததை வலை என்று சொல்லலாமா?

பொருநை | 4.02

சொல்லலாம். நான் பதினெட்டு வருடம் டேட்டா சென்டரில் இருந்தவன். ஒரு நள்ளிரவில் யாரோ ஒரு பேட்ச் கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டார். அந்தப் போர்ட்டுகளில் ஸ்பேனிங் ட்ரீ (இப்படிப்பட்ட சுழற்சியைத் தடுக்கும் நெறிமுறை) நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிராட்காஸ்ட் சுற்றிச் சுற்றிப் பெருகி ஒரு தளம் முழுக்க விழுந்தது. கேபிளைக் கண்டுபிடிக்க விடியும்வரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். ஒருவர் செய்த தவறு மற்ற எல்லாரையும் சாய்க்கும் என்பதுதான் லேயர் 2இன் இயல்பு. அதை ஆயிரமாயிரம் வாடிக்கையாளர்கள் பங்கிடும் வலையில் யார் விடுவார்கள்?

பாலாற்றங்கரை | 4.15

அது உங்கள் ஸ்விட்சைச் சரியாக அமைக்காத குறை ஐயா, லேயர் 2இன் குறை இல்லை.

பொருநை | 4.21

எல்லாரும் எப்போதும் சரியாக அமைப்பார்கள் என்று நம்பி வலை கட்ட முடியாது. கீப்அலைவ்டுக்கும் வழி இருக்கிறது. மல்டிகாஸ்ட்டை (குழுவுக்கு அனுப்புவதை) விட்டுவிட்டு யூனிகாஸ்ட்டில் (ஒருவருக்கு நேராக) ஓட்டுங்கள். மாஸ்டர் மாறும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டில் இரண்டாம் நிலை ஐபியை நகர்த்தும் ஏபிஐ அழைப்பை வையுங்கள். நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

பாலாற்றங்கரை | 4.30

ஏபிஐ அன்றைக்குப் பதில் சொல்லாவிட்டால்? ஐபி நகராது. ஏஆர்பிக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

தேன்சிட்டு | 4.38

இருவரும் தனி இழை தொடங்குங்களேன். பாவம், அவருக்குத் திங்கட்கிழமை வேலை இருக்கிறது.

பொதிகை_நெட் | 4.50

வைகைக்கரை, நேற்றுப் போன மெஷினில் தேவையான தரவு இருந்தால் விட்டுவிட வேண்டாம். கார்டைப் பிரிட்ஜில் சேர்த்ததும் ஐபி கார்டிலேயே நின்றுவிட்டது, பிரிட்ஜுக்கு மாறவில்லை. வரும் பாக்கெட்டை எல்லாம் ஓவிஎஸ் எடுத்துக்கொள்கிறது. ரீபூட்டில் சரியாகாததற்குக் காரணம், ஐபி கட்டளையால் போடும் லினக்ஸ் பிரிட்ஜ் ரீபூட்டில் மறைந்துவிடும், ஓவிஎஸ் தன் அமைப்பைத் தரவுத்தளத்தில் எழுதி வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடும். மெஷினை நிறுத்தி, ரூட் டிஸ்கைக் கழற்றி, இன்னொரு மெஷினில் மாட்டி, ஈடிசி அடைவில் ஓப்பன்விஸ்விட்ச் கோப்புறைக்குள் இருக்கும் கான்ஃப்.டிபி கோப்பை நகர்த்திவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். கடவுச்சொல் உள்ள பயனர் இருந்தால் சீரியல் கன்சோல் வழியாகவும் போகலாம், டி3இல் அது உண்டு.

வைகைக்கரை | சனி, இரவு 9.15

கயல் அக்கா சொன்னபடி செய்தேன். கன்டெய்னரிலிருந்து 172.30.5.1க்குப் போகிறது. 10.20.1.12க்கு இன்னும் போகவில்லை.

கயல் | 9.32

செக் எந்தக் கார்டில் நிறுத்தினீர்கள்? 12ஆம் மெஷினில் செக்யூரிட்டி குரூப் விதி எப்படி இருக்கிறது? மதியம் "அதே குரூப்புக்குள் திறந்திருக்கிறேன்" என்றீர்கள். குரூப்பை மூலமாக வைத்தால் அந்தக் குரூப்பில் உள்ள கார்டுகளின் ஐபிக்கு மட்டும்தான் பொருந்தும். 172.30.5.10 எந்தக் கார்டின் ஐபியும் இல்லை. அந்த வலையை எண்ணாகவே எழுதி ஒரு விதி சேருங்கள்.

தேன்சிட்டு | 9.40

நான் காலையிலேயே செக்யூரிட்டி குரூப் என்றேன்!

கயல் | 9.44

ஆமாம், இந்தக் கட்டத்தில் அதுதான்.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 7.50

போகிறது. இரண்டும்தான் தப்பு. செக்கை இஎன்எஸ்6இல் நிறுத்தியிருந்தேன், பாக்கெட் இஎன்எஸ்5 வழியாகப் போய்க்கொண்டிருந்தது. விதியும் சேர்த்தேன். எல்லாருக்கும் நன்றி.

பொதிகை_நெட் | 8.30

நல்லது. பின்னால் வருகிறவர்களுக்காக முழு அமைப்பையும் இங்கே போட்டு வையுங்கள்.

கெடிலம் | 8.41

அப்படியே கன்டெய்னரின் எம்டியூவும் எவ்வளவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

குறிஞ்சிப்பூ | நான்கு மாதம் கழித்து

இதே சிக்கல் எனக்கு அஸ்யூரில். கன்டெய்னர் மேக்கில் கிளம்புவது எதுவும் போகவில்லை. வைகைக்கரை, உங்கள் அமைப்பைப் பகிர முடியுமா?

கயல் | அன்று மாலை

அங்கேயும் அதே கதைதான். கார்டில் ஐபி ஃபார்வர்டிங் என்ற அமைப்பை இயக்குங்கள், மெஷினுக்குள்ளும் தனியாக இயக்குங்கள். பிறகு சப்நெட்டோடு இணைந்த ரூட் டேபிளில் கன்டெய்னர் வலைக்கு உங்கள் மெஷினின் ஐபியை விர்ச்சுவல் அப்ளையன்ஸ் என்று அடுத்த நிலையாகக் கொடுங்கள். கன்டெய்னர் வலை என்ன, மெஷின் எந்தச் சப்நெட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.