கிராமசபை, மாஸ்டர் பிளான், சந்தைக் கட்டடம்: இன்னும் மனசுல உறுத்துற ஒரு சம்பவம் சொல்லுங்க

களத்துமேடு:
நானே ஆரம்பிக்கிறேன், ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம கெடக்கு. ஒன்றிய ஆபீஸ்ல தற்காலிகமா கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன், ஊராட்சி வளர்ச்சித் திட்டத்த இ-கிராம்ஸ்வராஜ்ங்கிற மத்திய அரசு வெப்சைட்ல ஏத்தணும், அதான் வேலை. 2021 அக்டோபர் 2 கிராமசபை, முதலமைச்சர் ஸ்டாலின் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராமசபைக்குப் போனாரே அதே நாள், என்னையும் ஒரு ஊராட்சிக்கு அனுப்பி வச்சாங்க. வேப்பமரம், ஷாமியானா, தீர்மானம் பூரா முந்தின நாளே எழுதி ரெடி, வாசிக்க வாசிக்க எல்லாரும் தலையாட்டிட்டு இருந்தாங்க. நடுவுல ஒரு பாட்டி எந்திரிச்சு வந்து முந்தானை முடிச்ச அவுத்து மேஜை மேல மக்காச்சோளத்தக் கொட்டிருச்சு. ஒரு கைப்பிடி இருக்கும். "பாருங்கய்யா, ரோட்டுல காயப்போட்டது, அம்புட்டும் தாரும் கல்லும், யாவாரி மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிச்சுக்கிட்டுத்தான் காசு தாரான், போன தையில எம்பேரன் ராத்திரில இதே சோளத்துல வண்டி சறுக்கி கால ஒடிச்சுக்கிட்டான், ஊருக்கு ஒரு களம் கட்டிக் குடுங்க." அவ்வளவுதான் கேட்டுச்சு. கூட்டத்தக் கவனிக்க பற்றாளரா வந்த அதிகாரி "பரிசீலிக்கலாம்மா"ன்னு சொல்லிட்டு சோளத்த கையால ஓரமா ஒதுக்கி, அந்த எடத்துல கையெழுத்து நோட்ட வச்சார். பாட்டி கைநாட்டு வச்சிட்டுப் போயி உக்காந்துச்சு.

மறுவாரம் நான் ஏத்தின பட்டியல்ல பேவர் பிளாக் ரோடு இருந்துச்சு, குழாய் நீட்டிப்பு இருந்துச்சு, குப்பை தரம் பிரிக்கிற கொட்டகை இருந்துச்சு, களம் இல்ல. நான் வாயத் தொறந்து கேக்கவும் இல்ல.

ஸ்கீம்ரோடு:
எங்களுது கோயம்புத்தூர்ப் பக்கம்ங்க. அப்பா வாங்கிப் போட்ட அஞ்சே கால் சென்ட், அதுல வீடு. மாடி எடுக்கலாம்னு அப்ரூவலுக்குப் போனா, அங்க இருந்தவர் டிடி பிளான், அதாவது ஒரு பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டம், அந்த வரைபடத்த விரிச்சு ஸ்கேல வச்சு ஒரு கோட்டக் காட்டினார், 60 அடி ஸ்கீம் ரோடு, அதாவது பின்னாடி போடறதா திட்டத்துல குறிச்ச ரோடு, நேரா எங்க சமையக்கட்டு வழியாப் போகுது. அப்பா கண்ணாடியக் கழட்டி வேட்டில தொடச்சுப் போட்டுப் பார்த்தார், மறுபடியும் கழட்டித் தொடச்சார். "இது எப்பங்க போட்டது"ன்னு கேட்டதுக்கு "அப்பவே பேப்பர்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபணைக்கு ரெண்டு மாசம் டைம் விட்டமே"ன்னாங்க. தெனமும் காலைல பேப்பர எழுத்து விடாமப் படிக்கிற மனுசன்ங்க அவரு. வர்ற வழி பூரா பஸ்ல ஒரு வார்த்தை பேசல.

சரி, இதப் படிக்கிறவங்க யாராச்சும் எடம் வாங்கற யோசனைல இருந்தா தயவுசெஞ்சு கேளுங்க. பத்திரம், பட்டா, வில்லங்கம் மூணும் பார்த்தா போதும்னு நெனைக்காதீங்க, அந்த மூணுலயும் ஸ்கீம் ரோடு தெரியாது. மாஸ்டர் பிளான் வேற டிடி பிளான் வேற. மாஸ்டர் பிளான்ல உங்க சர்வே நம்பர் குடியிருப்பா விவசாயமா தொழிற்சாலையாங்கிறதும் பெரிய ரோடுகளும்தான் தெரியும், தெருத் தெருவா கோடு போடறது டிடி பிளான்ல. ரெண்டையும் கேட்டு எழுத்துல வாங்குங்க, வாய்ச்சொல் வேண்டாம். சர்வே நம்பர் மட்டும் குடுத்தா பத்தாது, உட்பிரிவோட எஃப்எம்பி ஸ்கெட்ச்சும் (புல அளவு வரைபடம்) வச்சுக் கேளுங்க, ஒரே நம்பர்ல கெழக்கு ஓரம் ரோட்டுல மாட்டியிருக்கும் மேற்கு ஓரம் தப்பிச்சிருக்கும். ஏற்கெனவே மாட்டினவங்களுக்கு 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல 38ம் பிரிவு இருக்கு, திட்டம் வெளியாகி மூணு வருசத்துக்குள்ள எடத்த எடுக்கறதுக்கான அறிவிப்பு வராட்டி அது ஒதுக்கீட்டுல இருந்து விடுபட்டதாத்தான் அர்த்தம். ஆனா வரைபடத்துல கோடு தானா அழியாது, நீங்க மனு போட்டுக் கேக்கோணும், இல்லைன்னா ஐகோர்ட்டுக்குப் போகோணும். கோயம்புத்தூருக்கு 1994ல வந்த மாஸ்டர் பிளானுக்கு அப்பறம் அடுத்த வரைவு 2024லதான் வந்துச்சு, 30 வருசம், அதுக்குள்ள ஒரு தலைமுறையே வீடு கட்டிக் குடிபோயிருச்சு. சென்னைப் பக்கம் இருக்கறவங்களும் கேட்டுக்குங்க, 1189 சதுர கிலோமீட்டரா இருந்த பெருநகர்ப் பகுதிய 5904 ஆக்கி 2022ல ஆணை வந்துச்சு, நம்மூரு கிராமம்தானேன்னு இருக்காதீங்க. வரைவு வெளியிட்டா அந்த ரெண்டு மாசத்துல போய் உங்க நம்பரத் தேடுங்க, அவ்வளவுதான் நான் கெஞ்சிக் கேக்கறது.

முன்னாள்செயலர்:
தம்பி களத்துமேடு, பாட்டி கதை படிச்சேன், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நீங்க எழுதினத படிக்கிறவங்க ஊராட்சில இருக்கவன் பூரா மனசில்லாதவன்னு நெனைப்பாங்க, அத ஒத்துக்க முடியாது. மத்திய அரசுகிட்ட இருந்து ஊராட்சிக்கு வந்த 15வது நிதிக்குழு பணத்துல 60 சதவீதம் தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்னு கட்டிப்போட்டு வந்துச்சு. மிச்சம் 40. அந்த 40க்குள்ளதான் ஊர் கேக்குற அத்தனையும் அடங்கணும். குப்பைக் கொட்டகை பட்டியல்ல வந்ததும் களம் வராமப் போனதும் அதனாலதான், யாரும் பாட்டி மேல கோவத்துல செய்யல.

என் சம்பவம் வேற. 2016 அக்டோபர்ல தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சுது, அடுத்த எலெக்சன் 2019 டிசம்பர்லதான், அதுவும் 27 மாவட்டத்துக்கு மட்டும். நடுவுல தலைவருக்குப் பதிலா தனி அலுவலர்னு ஒரு அதிகாரி. ஒன்றியத்துல இருக்க அத்தனை ஊராட்சிக்கும் ஒருத்தர்தான் கையெழுத்து, அவரையும் குத்தம் சொல்ல மாட்டேன், அவரு எத்தன ஊருக்குத்தான் ஓடுவாரு. 2017 வறட்சி, ஊர் மோட்டார் எரிஞ்சு போச்சு, காயில் கட்டணும், செக்குல கையெழுத்து வாங்க மூணு நாளா ஆபீசுக்கு அலையுறேன். நாலாம் நாள் விடியக்காலைல கதவத் தொறந்தா வாசப்படில இருந்து தெரு முனை வரைக்கும் காலிக் கொடம், பிளாஸ்டிக்கு, எவர்சில்வரு, எல்லாம் வரிசையா. ஒரு பொம்பள கூட சத்தம் போடல. சண்டை போட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கொடத்த வச்சிட்டு அவங்கவங்க வீட்டுத் திண்ணைல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. வீட்டம்மா உள்ள போய் கழுத்துல கெடந்த செயினக் கழட்டிட்டு வந்து குடுத்தா, அடகு வச்சு மோட்டார ஓட்டினேன். பணம் திரும்ப வந்துச்சு, அது பிரச்சனை இல்ல. 2025 ஜனவரில மறுபடி அந்த மாவட்டங்கள்ல பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர்னு நியூஸ் வந்தப்போ எனக்கு அந்தக் கொட வரிசைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

சாக்குக்கடை:
எங்கம்மா 26 வருசமா வாரச்சந்தைல கீரை, சுண்டைக்கா, நாட்டுத் தக்காளி விக்கிறாங்க. சந்தைய நவீனமாக்கப் போறோம்னு ஒரு நாள் வந்து அளந்தாங்க. வந்த இன்ஜினியர் பையன் நல்ல பையன்தான், சின்ன வயசு, அம்மாகிட்ட "உங்களுக்கு எவ்வளவு இடம் தேவைப்படும்"னு மரியாதையாத்தான் கேட்டார். அம்மாக்கு அடிக்கணக்கு சொல்லத் தெரியல. சாக்க உதறி தரைல விரிச்சு, கட்டு கட்டா கீரைய அடுக்கி, பின்னாடி தான் உக்காந்து, முன்னாடி கால் நீட்டி "இம்புட்டு சார், வாங்க வர்றவங்க குனியாம பார்க்கணும், நான் எந்திரிக்காம எடுத்துக் குடுக்கணும்"னு காட்டினாங்க. அவரு டேப் வச்சு அளந்து எழுதிக்கிட்டார். எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோசம், அம்மாவ ஒரு ஆபீசர் கேட்டு எழுதிட்டுப் போறாரேன்னு.

கட்டி முடிச்சுத் தெறந்தப்போ மூணடி ஒசரத்துல சிமெண்ட் மேடை. அம்மாக்கு முட்டிவலி, ஏற முடியல. ஒரு தடவ ஏறினா எறங்க ரெண்டு பேர் வேணும். சந்தை ஏலம் எடுத்தவரு முன்னாடி ஒரு சாக்குக்கு வாங்குன காசு இப்ப மேடைக்குன்னு கூடிருச்சு. ரோட்டப் பார்த்த ஷட்டர் கடை எல்லாம் தனி டெண்டர்ல போச்சு, செல்போன் கடையும் செருப்புக் கடையும் வந்துச்சு. அம்மா இப்ப சந்தைக்கு வெளில சாக்கடை ஓரமா விக்கிறாங்க, வெளில இருக்கதால நகராட்சி வண்டி வந்தா எந்திரிச்சு ஓடணும். 1999ல உழவர் சந்தை வந்தப்போ அம்மாவுக்கும் அட்டை போட்டுத் தரேன்னாங்க, சொந்தமா நெலம் இல்ல, வாங்கி விக்கிறவங்கன்னு குடுக்கல. அதுல நியாயம் இருக்கு, அது விளைவிக்கிறவங்களுக்கான சந்தை. அப்ப எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு எது?

அந்தப் பையன் அளந்து எழுதுன காகிதம் எங்க போச்சுன்னுதான் தெனம் நெனைப்பேன்.

மலையடிவாரம்:
எல்லாரும் மனசு ஒடிஞ்சு எழுதறீங்க, நான் நேர்ல பார்த்த இன்னொண்ணையும் சொல்லணும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, காலேஜ்ல இருந்து கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ஊராட்சி 2006ல பேங்க் கடன் வாங்கி 350 கிலோவாட் காத்தாலை போட்டிருக்கு, 1 கோடியே 55 லட்சம், அதுல 40 லட்சம் ஊராட்சியோட சொந்தச் சேமிப்பு. மின்சாரத்த வாரியத்துக்கு வித்துக் கடன அடைச்சாங்க. அங்க வரவு செலவு கணக்கு நோட்ட ஒரு அக்கா எங்க கைல குடுத்து "நீங்களே பாருங்க"ன்னாங்க, அத மறக்கவே முடியல. எங்க ஊர்ல வீட்டுவரி ரசீது கேட்டாலே மொறைப்பாங்க.

முன்னாள்செயலர்:
ஓடந்துறைய எல்லா மீட்டிங்லயும் எங்களுக்கும் காட்டினாங்க தம்பி. சொந்தச் சேமிப்பு 40 லட்சம்னு சாதாரணமா எழுதிட்டீங்க. நான் வேலை பார்த்த ஊராட்சில வீட்டுவரி, தண்ணிவரி ரெண்டையும் ஊர் பூரா ஒழுங்காக் கட்டினாலும் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கரண்ட் பில் கட்டப் பத்தாது.

எல்லையோரம்:
பாலக்காட்டுல வேலை பார்க்குறேன், அங்க 1996ல மக்கள் திட்டம் ஆரம்பிச்சப்போ மாநிலத் திட்டப் பணத்துல 35ல இருந்து 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிக்குன்னு எடுத்து வச்சாங்க, கிராமசபை வார்டுக்கு வார்டு தனித்தனியாக் கூடுது. நான் போனப்போ போன வருசத் திட்டத்த அச்சடிச்சு ஆளுக்கொண்ணு குடுத்தாங்க, பக்கத்துல உக்காந்திருந்த ரப்பர் வெட்டுற அம்மா பேனாவால எது நடக்கலையோ அதச் சுழிச்சுக்கிட்டே வந்தாங்க. அங்கயும் குறை இல்லாம இல்ல, கூட்டம் கொறைஞ்சுட்டே வருதுன்னு அவங்களே பொலம்புறாங்க. ஆனா சாக்குக்கடை கேட்ட காகிதம் இருக்கே, அது அங்க அந்தம்மா மடியில இருந்துச்சு.

சாக்குக்கடை:
அந்தம்மா சுழிச்சத யாராவது வாங்கிப் பார்த்தாங்களா?

எல்லையோரம்:
வார்டு மெம்பர் வாங்கிப் பார்த்தார்ங்க. செஞ்சாரான்னு கேட்டா எனக்குத் தெரியாது, அதுக்குள்ள கெளம்பிட்டேன்.

முன்னாள்செயலர்:
களத்துமேடு தம்பி, முன்னாடி கொஞ்சம் சூடா எழுதிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. களம் கட்ட நிதிக்குழுப் பணத்த மட்டும் நம்பி இருக்க வேண்டாம், நூறு நாள் வேலைத் திட்டத்துலயே கூலி 60 பொருள் 40ங்கிற கணக்குல உலர்களம் போட்ட ஊருங்க நிறைய. எடம்தான் முக்கியம். விஏஓ கிட்ட அந்த ஊர் 'அ' பதிவேட்ட, அதான் ஊர் நிலம் பூரா நம்பர் வாரியா எழுதி வச்ச நோட்ட, கேட்டுப் பாருங்க, பழைய ஊர்னா "களம் புறம்போக்கு"ன்னு ஒரு நம்பர் பெரும்பாலும் இருக்கும், அந்தக் காலத்துல நெல்லடிக்கவே விட்டு வச்ச எடம். ஊர்க்காரங்களுக்கே மறந்து போயிருக்கும்.

களத்துமேடு:
ஐயா நீங்க சொன்னதும் போய்ப் பார்த்தேன். இருக்கு. 0.14 ஹெக்டேர், களம் புறம்போக்குன்னே போட்டிருக்கு. அந்த சர்வே நம்பர எங்கயோ பார்த்த மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பழைய பென்டிரைவ்ல இருந்த பட்டியலத் தொறந்தேன். குப்பைக் கொட்டகைக்கு எடம்னு நான் என் கையால டைப் பண்ணி ஏத்தினது அதே நம்பர்.

முன்னாள்செயலர்:
கொட்டகை சின்னதாத்தான் இருக்கும் தம்பி. 0.14ன்னா கிட்டத்தட்ட 35 சென்ட். சுத்தி எவ்வளவு காலியா கெடக்குன்னு பாத்தீங்களா?

களத்துமேடு:
சனிக்கிழமை டேப் எடுத்துட்டுப் போறேன் ஐயா. பாட்டி வீடு எதுன்னும் விசாரிச்சு வச்சிருக்கேன்.