ஏற்காட்டு நூலகத்துக்குக் காமிக்ஸ்: எதை வாங்கலாம், எப்படி வைக்கலாம்?

மலைவாசகர்:
வணக்கம். ஏற்காடு மேல ஒரு ஊர் நூலகத்துல காமிக்ஸ் அலமாரி தொடங்குறோம். கையில 15,000 ரூபாய். வர்றது 8 முதல் 16 வயசுப் பிள்ளைங்க, தமிழ்தான் சரளம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பணும். எதை வாங்கலாம்? மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்காம எப்படி வைக்கிறது?

சேலத்து வாசகன்:
ஒரே புத்தகத்துல முடியுற கதையா முதல்ல எடுங்க. சிவகாசி லயன்-முத்து காமிக்ஸ் போடுற லக்கி லூக் (சிரிப்புக் கௌபாய் கதை) ரொம்பப் பொருத்தம். கலர், பெரிய சைஸ், ஏறக்குறைய 45 பக்கத்துல கதை முடிஞ்சிடும். இன்னொரு கௌபாய் தொடரான டெக்ஸ் வில்லர்ல துப்பாக்கிச் சண்டை அதிகம், 12 வயசுக்கு மேல கொடுங்க. ‘இரத்தப் படலம்’ மாதிரி பல பாகம் ஓடுற கதை இப்போ வேண்டாம். நடுவுல ஒரு பாகம் திரும்பி வரலைன்னா மிச்ச பாகங்களை யாரும் தொடமாட்டாங்க. விற்றுத் தீர்ந்த இதழைத் தேடிப் பிடிக்கிறதும் பெரும்பாடு.

பணம் மொத்தத்தையும் இப்பவே செலவழிக்காதீங்க. 9,000க்கு வாங்கி, மூணு மாசம் இரவல் பதிவேட்டைப் பாருங்க. எது கைமாறிக்கிட்டே இருக்கோ அதுக்கு இரண்டாம் பிரதி.

சித்திரக்கதை:
பெரிய பிள்ளைங்களுக்கு ‘பீமாயணம்’ அவசியம் வேணும். அம்பேத்கர் வாழ்க்கை, துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் வரைஞ்சது. கோண்டு பழங்குடி ஓவியம்ங்கிறதால கட்டம் கட்டமா இருக்காது. கனிவான பேச்சுக்குப் பறவை வடிவ பலூன் (பேச்சை எழுதுற கூடு), கொட்டுற பேச்சுக்குத் தேள்கொடுக்கு வால். லக்கி லூக் படிச்ச பிள்ளை எங்கிருந்து எங்கே படிக்கிறதுன்னு திணறும். முதல் தடவை நாலு பக்கம் கூட உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க.

ஈரான்ல வளர்ந்த மர்ஜான் சத்ரபி தன் கதையை வரைஞ்ச ‘பெர்சபோலிஸ்’ வாங்கினா 15 வயசுக்கு மேல வைங்க, சித்திரவதைக் காட்சி இருக்கு. காமிக்ஸுக்கு டூயி எண் (நூலகத்துல பொருள்வாரியா அடுக்குற எண்) 741.5.

பைண்டிங் மேசை:
மலைப்பனியில முதல்ல போறது ஸ்டேப்ளர் பின். துரு காகிதத்தை அரிச்சு நடுப்பக்கம் கழண்டு வந்திடும். இரவல் கொடுக்குறதுக்கு முன்னாடியே பின்னை எடுத்துட்டு, அதே மடிப்புல மூணு துளை போட்டு நூலால தைங்க.

பசை ஒட்டின புத்தகத்துக்குப் பக்கத்தையல் (முதுகோரமா எல்லாப் பக்கத்தையும் சேர்த்துக் குத்தித் தைக்கிறது) போடவே போடாதீங்க. உள் ஓரம் ஒரு சென்டிமீட்டர் போயிடும், பலூன் எழுத்து முதுகுக்குள்ள மறைஞ்சிடும். முதுகைச் சுரண்டி, வெள்ளைப் பசை மெல்லிசா தடவி, துணிப்பட்டை ஒட்டினா போதும். செல்லோடேப் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும், வேண்டாம்.

வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைஞ்சா ஒன்னோடொன்னு ஒட்டிக்கும். காய்ஞ்சுட்டா பிரிக்க முடியாது. ஈரம் இருக்கிறப்பவே பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வெச்சு, மின்விசிறிக்கு அடியில நிறுத்துங்க.

அலமாரியைச் சுவரை விட்டு 10 செ.மீ. தள்ளிப் போடுங்க. தட்டுக்குத் தட்டு 32 செ.மீ. இருந்தா பெரிய சைஸும் நிமிர்ந்து நிற்கும். விரல் நுழையுற இடைவெளி விடுங்க. காத்தோட்டம் இல்லாத இடத்துலதான் பூஞ்சை தொடங்கும்.

மலைவாசகர்:
நன்றிங்க. பிளாஸ்டிக் அட்டை போடலாமா?

பைண்டிங் மேசை:
போடலாங்க, ஆனா தளர்வா மடிச்சுச் செருகணும், ஒட்டக்கூடாது. ஒட்டினா அட்டைக்கு நடுவுல ஈரம் அடைபட்டு அங்கேயே கறுக்கும்.