எல்லா ஃபார்வர்டுக்கும் சேர்ந்து கோல் குறையுதா? செங்கோட்டை வட்டார ஹாக்கி அனுபவங்கள்

செங்கோட்டை, ஹாஃப் லைன் ஆட்டக்காரர்:
நம்ம டீம்ல இந்த சீசன் ஒருத்தர் ரெண்டு பேருக்கு மட்டும் கோல் குறையல. ரைட் விங், சென்டர் ஃபார்வர்டு, பின்னாலிருந்து ஏறி வர்ற சென்டர் ஹாஃப், எல்லாருக்கும் சேர்ந்தே வத்திப்போச்சு. மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா எல்லார் ஃபார்மும் ஒரே நேரத்துல போகாது. பந்து டி-க்குள்ள (கோலுக்கு முன்னால இருக்கிற அரைவட்டம்) எப்படி வந்து சேருதுன்னு பாருங்க.

சாரல் காலத்துல நம்ம செம்மண் தரை ஊறிக் கிடக்கும். புஷ் பண்ணினா, அதாவது ஸ்டிக்கை ஓங்காம தள்ளினா, பந்து பாதியில நிக்கும், அதனால எதுக்கும் ஓங்கி அடிக்கிற ஹிட்தான்னு கை பழகிடுது. கோவில்பட்டி டர்ஃபிலயோ (செயற்கைப் புல் தரை) கொல்லம் டர்ஃபிலயோ அதே ஹிட் அடிச்சா, ஃபார்வர்டு ஸ்டிக்கை நீட்டுறதுக்குள்ள பந்து பேக் லைனைத் தாண்டிடும். எதிராளி 15 மீட்டரிலிருந்து நிதானமா எடுத்து ஆடுவான். 14.63 மீட்டர் டி-க்குள்ள நம்ம ஆள் ஸ்டிக்கில பந்து படாம உள்ளே போனா கோலும் கிடையாது. அதனால 23 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்துல வந்ததும் ஹிட்டை விட்டுட்டு புஷ், இல்லன்னா ஸ்டிக்கைத் தரையோட இழுத்து அடிக்கிற ஸ்லாப். செகண்ட் போஸ்ட்ல (பந்து வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்க கோல் போஸ்ட்) நிக்கிறவர் முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையோட படுக்க வச்சுக் காத்திருக்கணும்.

கோவில்பட்டி, பயிற்சியாளர்:
அண்ணாச்சி சொன்னது சரி. அதைவிடப் பெரிய ஓட்டை பெனால்டி கார்னர்ல (பேக் லைனிலிருந்து பந்தைத் தள்ளி, டி-க்கு வெளியே நிறுத்தி, கோலுக்கு அடிக்கும் வாய்ப்பு) இருக்கு. நல்ல டிராக் ஃபிளிக்கர் (நிறுத்திய பந்தை ஸ்டிக்கால் இழுத்து கோலுக்குள் வீசுபவர்) வேலை கிடைத்து வேறு டீமுக்குப் போனால், போவது அவருடைய கோல் மட்டுமல்ல. கோல்கீப்பர் பேடில் பட்டுத் திரும்பும் பந்தைத் தட்டிவிடுகிற இரண்டு ஃபார்வர்டுகளின் கோலும் அவரோடு போய்விடும்.

புது ஆளைத் தயார் செய்யும்போது பலரும் ஃபிளிக்கை மட்டும் பழக்குகிறார்கள். முதலில் இன்ஜெக்‌ஷனைப் பாருங்கள். போஸ்டிலிருந்து 10 மீட்டரில், பேக் லைனில் வைத்துத் தள்ளும் பந்து குதிக்காமல், தரையோடு, வேகமாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால் தடுக்க ஓடிவரும் எதிரணியின் முதல் ரன்னர் ஃபிளிக்கரின் காலடிக்கே வந்துவிடுவார். குதித்தால் பந்தை நிறுத்தும் ஸ்டாப்பரின் ஸ்டிக்கிலிருந்து சிதறும். பிறகு அவசர ஹிட்தான் மிச்சம். முதல் ஷாட்டாக அடிக்கும் ஹிட், கோல் கோட்டைத் தாண்டும்போது கோலின் அடிப்பலகையின் 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அது நேராகக் கீப்பர் பேடுக்குப் போகும். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. பந்து டி கோட்டுக்கு வெளியே போய் வந்ததா என்பதையும் பயிற்சியிலேயே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மேட்ச்சில் நல்ல கோல் ரத்தாவது பெரும்பாலும் அங்கேதான்.

புனலூர்ப் பக்கம், ஸ்கோர் எழுதுபவர்:
கோலை மட்டும் எழுதாதீங்க அண்ணே. டி-க்குள்ள நுழைஞ்சது, ஷாட், டார்கெட்ல போனது, பெனால்டி கார்னர்னு குவார்ட்டர் வாரியா நாலு பத்தி போடுங்க. நுழைவு குறையாம ஷாட் மட்டும் குறைஞ்சா கடைசி பாஸ்ல கோளாறு. நுழைவே குறைஞ்சா மிட்ஃபீல்டு. மூணாவது குவார்ட்டருக்கு மேல மட்டும் குறைஞ்சா ஆள் மாத்துறது பத்தல.

மாத்தும்போதும் ஒண்ணு கவனிக்கணும். கார்னர் விசில் ஊதினப்புறம் அது முடியிற வரைக்கும் ஃபிளிக்கரை பெஞ்ச்சிலிருந்து இறக்க முடியாது. அதனால ஃபிளிக்கர் வெளியே வரும்போது இன்னொரு ஃபிளிக்கர் உள்ளே போயாகணும்.