சிங்கப்பூருக்கு எடுத்துச் சென்ற 2,000 டாலரும் திரும்பி வந்த 1,220 டாலரும்

காவிரிக்கரையான் (திருச்சி):

2024 மே மாதம் நானும் என் மனைவியும் பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில் ஐந்து நாட்கள் தங்கினோம். விமானச் சீட்டு, விசா, விடுதி, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் நுழைவுச் சீட்டு ஆகிய அனைத்துக்கும் ஊரிலிருந்தபடியே பணம் கட்டிவிட்டதால், கைச்செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்பது ஒன்றே மீதமிருந்த கேள்வி. முன்பு சென்று வந்த நண்பர் ஒருவர் "தலைக்கு நாளொன்றுக்கு நூறு டாலர்" என்றார். அந்த நூறு டாலருக்குள் அவருடைய விடுதி வாடகையும் அடங்கியிருந்தது என்பதை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. நான்கு பேர், ஐந்து நாட்கள், ஆக 2,000 சிங்கப்பூர் டாலர் என்று கணக்கிட்டு, டாலருக்கு 63 ரூபாய் 50 காசு வீதம் மொத்தத்தையும் நோட்டாகவே வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் செலவானது 780 டாலர். காலை உணவு விடுதியிலேயே கிடைத்தது. மதியமும் இரவும் பெரும்பாலும் தேக்கா சென்டர் போன்ற உணவங்காடிகளில் தலைக்கு ஆறேழு டாலருக்குள் வயிறு நிறைந்தது. தேநீர், பழச்சாறு எல்லாம் சேர்த்து உணவுக்கு 350 டாலர், ரயிலுக்கும் பேருந்துக்கும் 100 டாலர் ஆயின. முதல் நாள் தண்ணீர் புட்டிகளை விலை கொடுத்து வாங்கிய நாங்கள், குழாய்த் தண்ணீரையே அங்கு எல்லோரும் குடிக்கிறார்கள் என்று தெரிந்த பின்பு அந்தச் செலவை நிறுத்திக்கொண்டோம்.

கணக்கு தவறிய இடம் ஒன்றும் உண்டு. ஓரிரவு குளிரூட்டப்பட்ட உணவகம் ஒன்றில் அமர்ந்தபோது, விலைப்பட்டியலில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்கும் மேல் ஜி.எஸ்.டி. 9 விழுக்காடு என்பதே அதன் பொருள். 100 டாலருக்குச் சாப்பிட்டால் 119 டாலர் 90 காசு கொடுக்க வேண்டும். எங்களுக்கு அன்று 70 டாலர் ஆயிற்று. எஞ்சிய 260 டாலரும் முஸ்தபா கடையில், சாக்லேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் போயின. தைலம் கேட்டவர்களின் பட்டியல் புறப்படும் நாள் வரை நீண்டுகொண்டே இருந்தது.

திரும்பி வந்து மீதியை விற்றபோது டாலருக்கு 59 ரூபாய் 50 காசுதான் கிடைத்தது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த இந்த இடைவெளியால், செலவே செய்யாத பணத்துக்காக ஏறத்தாழ 4,800 ரூபாய் இழந்தேன். பணமாற்றுக் கடைக்காரர்கள் நாணயங்களை வாங்குவதே இல்லை. 14 டாலர் இன்னமும் பூஜை அறை டப்பாவில் இருக்கிறது.

நீலமலை (கோவை):

ஐயா, எங்களுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. 2023 அக்டோபரில் நானும் கணவரும் எல்லையூர்களான ஜெய்காவ் (இந்தியா), புன்ட்சோலிங் (பூடான்) வழியாகப் பூடான் சென்றோம். அந்நாட்டுப் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் சமமதிப்புடையவை, நம் நோட்டுகளும் அங்கே செல்லும் என்பதால், உள்நாட்டுப் பயணம் போலவே எண்ணிக் கைச்செலவுக்கு 30,000 ரூபாயோடு புறப்பட்டோம். இந்தியர்கள் இரவு ஒன்றுக்குத் தலைக்கு 1,200 ரூபாயை, சுற்றுலாப் பயணிகளிடம் பூடான் அரசு வாங்கும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணமாகச் செலுத்த வேண்டும் என்பதை எல்லைக்குச் சென்ற பிறகே அறிந்தோம். இருவருக்கு ஆறு இரவுகளுக்கு 14,400 ரூபாய். கைப்பணத்தில் ஏறக்குறைய பாதி, ஊருக்குள் நுழையும் முன்பே கரைந்துவிட்டது. நாங்கள் கொண்டு சென்ற வங்கி அட்டை பாரோ நகரில் இரண்டு இடங்களில் ஏற்கப்படாததால், மலைமேல் உள்ள தக்சாங் பௌத்த மடத்துக்கு ஏறும் வழியில் குதிரைச் சவாரியைக் கைவிட்டு நடந்தே சென்றோம். அதில் வருத்தமில்லை, மூட்டுவலிதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் ரூபாய் கொடுத்தாலும் மீதிச் சில்லறை பெரும்பாலும் நுல்ட்ரமாகவே வரும். எல்லையை ஒட்டிய ஜெய்காவைத் தாண்டிவிட்டால் அதை வாங்குவார் இல்லை. ஆகவே கடைசி இரண்டு நாட்களில் நுல்ட்ரத்தை முதலில் செலவழித்து, ரூபாயைப் பத்திரப்படுத்திக்கொண்டோம்.

காவிரிக்கரையான்:

அம்மா, நீங்கள் சொன்ன பிறகுதான் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எது என்று விளங்குகிறது. "எவ்வளவு எடுத்துச் சென்றீர்கள்" என்று கேட்டேனே தவிர, "எதெதற்குக் கையிலிருந்து கொடுத்தீர்கள்" என்று கேட்கவில்லை.

டிசம்பரில் மலேசியாவின் பினாங்கு செல்வதாக இருக்கிறோம். இம்முறை உணவு, போக்குவரத்து ஆகிய இரண்டையும் மட்டும் நாள்வாரியாகக் கணக்கிட்டு, அவற்றுக்கு மட்டும் அந்நாட்டுப் பணமான ரிங்கிட்டை நோட்டாக வாங்கப்போகிறேன். எதிர்பாராத செலவுக்கு அட்டை இருக்கும். அதற்கு எங்கள் வங்கி மூன்றரை விழுக்காடு கூடுதலாகப் பிடித்தாலும், தேய்த்தால்தானே பிடிக்கும். கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி, ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் சிங்கப்பூரிலேயே கற்றுக்கொண்டேன். ஒரு முறை ரூபாய் என்று சொல்லிப் பார்த்தபோது, அவர்கள் காட்டிய மாற்று விலை ஊரில் நான் வாங்கிய விலையைவிட அதிகமாக இருந்தது. தைலப் பட்டியலை மட்டும் இப்போதே மூடிவிடும்படி மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். நேற்று வரை அதில் ஒன்பது பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.